மிஞ்சிய ஆண் பூச்சி

சுரேந்திரன் எலிக்காய்ச்சலில் இறந்த பிறகு, அவனுடைய பட்டாம்பூச்சிக் கூண்டை மனைவி ஷர்மிளாவும் அம்மா ஆறுமுகத்தாயும் தாராவி வீட்டில் பார்த்துக்கொண்டார்கள்.

கணவனும் மனைவியும் செம்பூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஆராய்ந்தது கறிவேப்பிலை அழகி என்ற கறுப்புப் பட்டாம்பூச்சியை. அதன் பெண்களில் சில, ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, ரோஜா அழகி என்ற இன்னொரு இனத்தின் சிவப்புப் புள்ளிகளோடு பிறக்கும். ரோஜா அழகி நஞ்சுள்ளது, பறவைகள் தின்னாது. அந்த வேஷத்தில் இவையும் தப்பிக்கும். எந்தப் பெண்ணுக்கு வேஷம் என்பதை ஒரே ஒரு மரபணு முடிவு செய்கிறது. அது தலைமுறைகளில் எப்படி இறங்குகிறது என்று பார்க்கத்தான் சுரேந்திரன் தன் கையால் ஒரு சோடியைச் சேர்த்திருந்தான். கூண்டில் இப்போது இலை தின்றுகொண்டிருந்த புழுக்கள் அந்தச் சோடியின் பேரப்பிள்ளைகள்.

ஒருநாள் ஷர்மிளா வேலைக்குப் போயிருந்தபோது, சன்னல் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிவிட்டது. புழுக்கள் வெறுங்குச்சியில் ஊர்ந்தன. ஆறுமுகத்தாய் மார்க்கெட்டுக்கு நடந்துபோய்ப் பச்சைப்பசேலென்று ஒரு கட்டு வாங்கி வந்து போட்டாள்.

சாயங்காலம் ஷர்மிளா வந்தபோது புழுக்கள் கக்கிச் சுருண்டு கிடந்தன.

"ஏளா, மதியம் நல்லாத்தான தின்னுச்சு. நான் வாங்கியாந்த எலையிலயா?"

இல்லை என்று சொல்ல ஷர்மிளா வாயெடுத்தாள். வரவில்லை. "மருந்து அடிச்ச எலை அத்த. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுவித்தான போட்டேன்." ஆறுமுகத்தாய் கூண்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவன் சேத்து வச்சதக் கொன்னுட்டேனே."

ஷர்மிளாவுக்குக் கோபமும் வந்தது. யார்மேல் காட்டுவது? செத்த புழுக்களை, மரபணுச் சோதனைக்காவது ஆகும் என்று சிறு குப்பிகளில் எடுத்துப் போட்டாள்.

முன்பே கூட்டுப்புழுவாகியிருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. சில நாட்களில் அது இறகு விரித்தது. கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளிகளின் வரிசை.

"இது வேஷம் போட்டதா?"

ஷர்மிளா அதன் வயிற்று நுனியை உற்றுப் பார்த்தாள். "ஆணு அத்த. ஆணுக்கு வேஷம் கெடையாது. அந்த மரபணு உள்ள இருந்தாலும் வெளிய தெரியாது."

"அவனும் அப்படித்தான். காய்ச்சலோட ஒண்ணுமில்லன்னுட்டுத்தான வேலைக்குப் போனான்." ஆறுமுகத்தாய் வலைமேல் விரலை வைத்தாள். "பறக்க விட்ருளா. ஒத்தையில கெடந்து என்ன செய்யும்?"

"லேப் தோட்டத்துல விடுதேன்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அந்தத் தலைமுறையில் இறகு விரித்தது இது ஒன்றுதான். இறகையும் மரபணுவையும் சேர்த்து எடுத்துவைக்க வேறு பூச்சி இல்லை. சுரேந்திரனாக இருந்தால் தயங்கியிருக்க மாட்டான். ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை உறையவைக்கும் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பூச்சியை உள்ளே வைத்து மூடினாள்.

வீட்டு வாசலில் ஆறுமுகத்தாய் காத்திருந்தாள்.

"பறந்துச்சா?"

"பறந்துச்சு அத்த."

"எந்தப் பக்கம்?"

ஷர்மிளா செருப்பைக் கழற்றினாள். "டிராம்பே பக்கம்."

"அங்கன மரம் நிறைய இருக்குன்னு சொல்லுவான்," என்றாள் ஆறுமுகத்தாய். "பிழைச்சுக்கிடும்."