பூமாலை வீட்டில் எத்தனை பேர்

...எல்லாம் சரி, மாமியாரை எதற்காகச் சொல்லித் தொலைத்தோம் என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் பூமாலைக்கு விளங்கவில்லை, புருஷனைச் சொன்னாள், அது ஒரு ஆசை, பிள்ளையைச் சொன்னாள், அது அதைவிடப் பெரிய ஆசை, ஆனால் மெனக்கெட்டு ஒரு மாமியாரை யாராவது தானாக உண்டாக்கிக்கொள்வார்களா, இருக்கிறவளே எப்போது கண்ணை மூடுவாள் என்று ஊரெல்லாம் காத்துக் கிடக்கும்போது... கை தன்பாட்டில் ஈர மல்லாட்டையை நெரித்து, தோலைத் தள்ளி, பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தது. திண்டிவனத்து வேர்க்கடலை மண்டிக் கொட்டகையில் வரிசையாகப் பெண்கள், எதிரே குவியல், மேலே தகரம், தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிற ஆடிக் காற்று. இன்றைக்குக் குடும்பச் செலவைக் கேட்டு எழுதிக்கொள்கிற கணக்குக்காரர் வருகிற நாள். போன மாதமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், "அடுத்த தரம் உங்க வூட்டுக்கே வர்றேம்மா, வூட்டுக்காரரையும் பையனையும் பாத்துப் பேசணும்" என்று. எந்த வீட்டுக்கு வருவார்? மண்டிக்குப் பின்புறம் ஒரு கீற்றுச் சாய்ப்பு, அதில் ஒரு பானை, ஒரு கோரைப்பாய், ஒரு ஆள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பங்குனியில் செத்துப்போன மாமியாரும் இருந்ததில்லை. அவர் வந்து குனிந்து உள்ளே பார்ப்பார், பார்த்துவிட்டு நிமிர்வாரே, அப்போது அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது...

வாய் சும்மா இருந்ததால் வந்த வினை இது. கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு, உரிக்கிறவள் வாய் சும்மா இருக்கக் கூடாது. பேசலாம், பாடலாம், பக்கத்தில் இருப்பவளை வையலாம், ஒன்றுமே தோன்றாவிட்டால் மாடு ஓட்டுகிற மாதிரி ஹோ ஹோ என்றாவது கத்தலாம், சும்மா மட்டும் இருக்கக் கூடாது, சும்மா இருக்கிற வாய் பருப்பைத் தின்னும் என்பது மேஸ்திரி சுப்பராயலுவின் தீர்மானம். மற்றவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முனியம்மாளுக்குக் குடிகாரப் புருஷன் இருக்கிறான், அவனை ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும், அந்தப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஆறு பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒரு கதை. பூமாலைக்கு என்ன இருக்கிறது? மண்டகப்பட்டில் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம் முடிவதற்குள் வாந்திபேதியில் போனவனின் முகம்கூட ஞாபகமில்லை, முன்னால் நடந்து போனபோது பார்த்த பிடரி மட்டும் இருக்கிறது, ஒரு பிடரியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும். அதனால் சும்மா இருப்பாள். "ஏ பூமாலை, வாயில இன்னா? தொற பாக்கலாம்" என்பார் மேஸ்திரி. திறப்பாள். நாக்கைத் தூக்கு என்பார், தூக்குவாள். ஒன்றும் இருக்காது. எல்லோர் எதிரிலும் ஒன்றுமில்லாத வாயைத் திறந்து காட்டுவது, தின்று பிடிபடுவதைவிடக் கேவலமாக இருக்கும், ஏன் அப்படி என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் கணக்குக்காரர் தை மாதத்தில் வந்தார். தேவநாதன் என்று பேர், பட்டணத்துக் காலேஜில் ஆராய்ச்சியாம், விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கி, ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். பிரான்ஸ் தேசத்தில் மார்சேல் என்று ஒரு துறைமுகம், நம் மல்லாட்டையெல்லாம் புதுச்சேரியில் கப்பலேறி அங்கேதான் போகிறது, அங்கே எண்ணெயாகிறது, சோப்பாகிறது, அங்கே விலை இறங்கினால், இங்கே சர்க்கார் புதிதாக வரி போட்டால், உரிக்கிற மிஷின் வந்தால், திண்டிவனத்தில் ஒரு கூலிக் குடும்பத்தின் பானையில் எத்தனை பிடி கேப்பை குறைகிறது, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். "சோத்த எண்றதுக்கு ஒரு காலேஜா சாமி? எங்க வூட்டுக்கு வாங்க, ஒரு நிமிசத்துல எண்ணிட்டுப் போயிடலாம்" என்றாள் முனியம்மாள், கொட்டகையே சிரித்தது. ஒவ்வொருத்தியாகப் புங்கமரத்தடிக்குக் கூப்பிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அந்த 'வாங்க' யாருக்கு என்று பூமாலை திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை. அவளுக்கு முன்னால் போன லட்சுமியம்மாள், பாவம், தனிக்கட்டை, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து வந்துவிட்டாள், "ஒண்டி ஆளுன்னா வேணாமாம்டி, குடும்பமா இருந்தாத்தான் மாசாமாசம் வந்து கேப்பாராம்." மாசாமாசம்! மாசாமாசம் ஒருத்தர் வந்து, உட்காருங்க என்று சொல்லி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம்... "வீட்டுல எத்தன பேரும்மா?" என்றார். வாய் திறந்தது. நாலு பேர், சாமி.

பிறகு புருஷன் பேரைக் கேட்டார். இல்லாத புருஷன்தானே, எந்தப் பேரையாவது சொல்லிவிட்டுப் போகலாம், நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கட்டினவன் பேரைச் சொல்லலாமா, ஆயுசு குறையாதா? அவர் சிரித்தார், இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே இப்படித்தான் என்று அவருக்குப் பழகியிருந்தது. "சரி, ஜாடையா சொல்லுங்க" என்றார். "மயிலத்துல மல மேல கீறாரே, அந்தச் சாமி பேரு" என்றாள். "முருகனா? முருகையனா?" தலையை ஆட்டினாள், முகம் சுட்டது. அந்த நிமிஷத்தில்தான் முருகையன் பிறந்தான் என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் அது வெறும் பொய், அதற்கப்புறம் அவனுக்கு வெற்றிலை ஆயிற்று, பாக்கு ஆயிற்று, புகையிலை வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் கேட்காத பிடிவாதம் ஆயிற்று. அவள் உண்மையாகவே அலுத்துக்கொண்டு சொல்வாள், "இன்னா பண்றது சாமி, நான் சொன்னா எங்க கேக்கறாரு," தேவநாதன் தலையை ஆட்டி எழுதிக்கொள்வார். பையன் சின்னதுரைக்குக் கருவாடு இல்லாமல் களி இறங்காது. ஒரு மாதம் தலைக்கு எண்ணெய் கூடுதலாகச் சொல்லிவிட்டாள், "ஏம்மா திடீர்னு?" என்றார், "வளர்ற புள்ள சாமி, சூடு" என்றாள். உரிக்க உட்கார்ந்தால் அடுத்த மாதத்துக்கு என்னென்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உரிப்பாள், நாள் போவதே தெரியாது. மாமியாரைத்தான் சமாளிக்க முடியவில்லை, அவளுக்குத் தைலம் வேண்டும், அவளுக்குத் தனியாகக் கஞ்சி வேண்டும், எதைக் கொடுத்தாலும் குறை சொல்வாள் போலிருந்தது, பங்குனியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று முடித்துவிட்டாள். தேவநாதன் எழுதுவதை நிறுத்திவிட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம்மா?" என்றார் பிறகு. பூமாலைக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், புருஷன் செத்தபோது அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, உன் ராசி என்றுதான் சொன்னார்கள்...

அப்படியே போயிருக்கலாம். ஆனியில் சண்டைச் சேதி வந்தது, பிரான்ஸ் தேசத்தை ஜெர்மன்காரன் பிடித்துவிட்டானாம், புதுச்சேரிக்குக் கப்பல் வராதாம், மூட்டைகள் கிடங்கில் கூரை முட்ட ஏறிக் கிடந்தன, கூலியைப் பாதியாக்கினார்கள், இந்தக் குவியலோடு சரி, அப்புறம் வேலை இல்லை என்று சுப்பராயலு சொல்லிவிட்டார். முனியம்மாள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. எல்லோரும் தேவநாதனிடம் குறைத்துக் குறைத்துச் சொன்னார்கள், இருந்ததைத்தானே சொல்ல முடியும். பூமாலையும் குறைத்துச் சொல்லத்தான் போனாள், மரத்தடியில் உட்கார்ந்து, பையனுக்கு என்று அவர் கேட்டதும், அரை வயிறு என்று சொல்ல வாய் எழவில்லை. அவள் தன் பங்கைக் குறைத்துச் சொன்னாள். நிஜத்தில் அதுவும் இல்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தாள், அது வேறு. ஆனால் சின்னதுரைக்குக் களியும் கருவாடும் அப்படியே, புருஷனுக்கு வெற்றிலையும் அப்படியே, காசில்லாமல் ஒரு மனுஷன் வெற்றிலை கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடியாது. "இதான் எனக்குப் புரியலம்மா" என்றார் தேவநாதன். "எல்லா வூட்டுலயும் செலவு விழுந்திருக்கு. உங்க வூடு மட்டும் அப்படியே நிக்குது. எங்க காலேஜுப் பெரியவரு நம்பவே மாட்டேன்றாரு. எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" "எப்படியோ சாமி," என்றாள். அதற்குத்தான் வீட்டுக்கே வருகிறேன் என்றது. மார்சேலில் விழுந்த அடி திண்டிவனத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விழாமல் நிற்கிறதாம், அது ஏன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

"இன்னாடி, தலையெல்லாம் வாரிக்கினு வந்துகிற? கணக்கு சாமி வர்றாருன்னா?" முனியம்மாள் முழங்கையால் இடித்தாள். "சீ, சும்மா இரு." "நான் சும்மா இருந்தா மேஸ்திரி வாயைத் தொறக்கச் சொல்லுவாருடி" என்று சிரித்தாள். இவளுக்குத் தெரிந்தால் போதும், விழுப்புரம் வரைக்கும் சிரிப்பு கேட்கும். என்ன செய்வது, உண்மையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் இத்தனை மாதமாக உட்காருங்க உட்காருங்க என்று சொன்ன வாய் என்ன சொல்லும்? இல்லாவிட்டால் மாமியாரை அனுப்பின மாதிரி அவர்களையும்... தூ, தூ, தூ. சட்டென்று மூன்று தரம் கீழே துப்பினாள், பிள்ளையை நினைத்து அப்படி ஒரு நினைப்பு வரலாமா. "ஏய், இன்னாத்த துப்பற?" சுப்பராயலு கம்போடு வந்துவிட்டார். துப்பின இடத்தைக் கம்பால் கிளறினார், எச்சில்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல மேஸ்திரி," என்றாள். "ஒண்ணுமில்லாததுக்குத்தான் மூணு வாட்டி துப்பினியா? பேஜாரு புடிச்சவ" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அவர் கம்பு தட்டுகிற சத்தத்துக்கு மேலே, வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

தேவநாதன் மரத்தடிக்குப் போகவில்லை, நேராகக் கொட்டகை வாசலுக்கே வந்தார், வெயிலில் முகம் கறுத்திருந்தது. "பூமாலையம்மா வூடு எதுங்க, காட்றீங்களா? அவங்க வேலைய விட வேணாம், நானே போய்ப் பாத்துக்கறேன்" என்று முனியம்மாளைப் பார்த்துக் கேட்டார், வேறு ஆளே கிடைக்கவில்லை. "அங்க போய் இன்னா சாமி பாக்கப் போறீங்க? ஒண்டியா கீறா, அவளே இங்க குந்தினுகிறா, அங்க பானைதான் இருக்கும், பானைகிட்ட கணக்குக் கேக்கப் போறீங்களா?" என்றாள் முனியம்மாள். யார் யாரோ சிரித்தார்கள். பூமாலை முறத்தை இறக்கி வைத்தாள். மடியில் இருந்த தோலெல்லாம் காலடியில் கொட்டியது. எழுந்து புங்கமரத்தடிக்கு நடந்தாள், அவர் பின்னால் வந்தார். வழக்கமான இடத்தில் உட்காரவில்லை, நின்றாள். அவரும் நின்றார். "அந்தம்மா சொல்றது நெசமா? வூட்டுல யாரும் இல்லியா?"

"ஆமா சாமி. ஒண்டிதான்." சொல்லிவிட்டாள். எத்தனை சுளுவாக வந்துவிட்டது. இனி அவர் என்ன சொன்னாலும் சரி என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நின்றாள்... அவர் பெருமூச்சு விட்டார். "நெனச்சேன்," என்றார், மெதுவாக. "கோலியனூர்ப் பக்கமும் இப்படித்தாம்மா, ஆம்பிளைங்க எல்லாம் வேல தேடிக் கெளம்பிட்டாங்க. வூடு தாங்கற மாதிரி தாங்கிட்டு ஒரேயடியா வுழுந்துடுது." அவர் குரலில் வருத்தமும் இருந்தது, இவ்வளவு நாள் அவிழாத முடிச்சு அவிழ்ந்த நிம்மதியும் இருந்தது, இரண்டையும் அவள் கேட்டாள். இல்லை சாமி, அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும், இப்போது சொல்லாவிட்டால்... "பையனையுமா கூட்டிக்கினு போயிட்டாரு? எப்ப போனாங்க?" "காத்தால," என்றது வாய். "எங்கன்னு சொன்னாங்களா?" "தெரியல சாமி. ரயிலேறினாங்க." அவர் எழுதிக்கொண்டார். இனிமேல் தனி ஆள்தானே, அவளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்றார், விசாரணையும் முடிகிறது, பட்டணம் போய் உட்கார்ந்து எழுத வேண்டும் என்றார். "தைரியமா இருங்க. வந்துடுவாங்க" என்றார். சைக்கிள் ரோட்டில் ஏறித் திரும்பியது, ஒரு தரம் மணி அடித்தது, அவளுக்கா, எதிரே வந்த மாட்டு வண்டிக்கா?

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "இன்னாடி கேட்டாரு, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் முனியம்மாள், அது எங்கேயோ தூரத்தில் கேட்டது. வந்துவிடுவார்களாம். இத்தனை வருஷமாக யாரும் போகவில்லை, யாரும் வர வேண்டியதும் இல்லை, அப்படியே இருந்துவிட்டாள்... இப்போது எங்கே போய்க்கொண்டிருப்பார்கள், மயிலம் தாண்டியிருக்கும், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம், விழுப்புரம் வரைக்கும் அவளுக்குத் தெரியும், பெரிய ஜங்ஷன், எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்டவாளம், அதற்கு அப்பால் அவள் போனதில்லை. அங்கே இறங்கி நிற்கிறார்கள். கூட்டம் தள்ளுகிறது. முருகையன் முன்னால் நிற்கிறான், இவனுக்காவது முகம் தெரியும் என்று எட்டிப் பார்க்கிறாள், திரும்ப மாட்டேன் என்கிறான். பையன் பக்கத்தில். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, அவனுக்குப் பசி தாங்காது, வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான், அப்பன் கையைப் பார்க்கிறான், அந்தக் கையில் மூட்டை ஏதாவது இருக்கிறதா... காலையில் அடுப்பு மூட்டினாளே, ஒரு பிடி மாவைக் கரைத்துக் கொதிக்க வைத்தாளே, அதை நின்றபடியே குடித்துவிட்டு வந்தாளே, அவர்களுக்கு வழிக்கு என்று எதையாவது கட்டிக் கொடுத்தாளா?