செக்கர் முழுங்கிய ஐந்து மாத்திரை

செக்கர் முப்பத்து நான்கு வருஷம் பிறர் சொன்ன பொய்யைக் கேட்டே குடும்பம் நடத்தியவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது.

"டிக்கெட் இருக்கா?" என்று அவர் யாரையும் கேட்டதே கிடையாது. அப்படிக் கேட்டால் எவனும் இருக்கு என்றுதான் சொல்வான், அது கேள்வியே இல்லை என்பது அவர் கட்சி. "மீசை வச்ச கண்டக்டர்தான குடுத்தாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். "ஆமா சார், அவரேதான், பெரிய மீசை" என்பான் டிக்கெட் எடுக்காதவன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் கண்டக்டராக நிற்பது ஒரு பெண்மணி. ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு வருஷமாகத் தானே டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் இல்லை, டாக்டரிடம்.

எல்லாம் ஓர் இருமலில் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற மாதம், தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் அவருக்கு பிரஷர் இருக்கிறது என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாம் நாளே வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. பேச வாயெடுத்தால் இருமல், படுத்தால் இருமல். மாத்திரையை நிறுத்தினார், இருமலும் நின்றது. அடுத்த மாதம் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பிப் போனார். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனார். ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான், இருந்தாலும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்க அவருக்கு நேரமில்லை. "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்கல்ல?" என்றார்.

பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. செக்கரின் தலை தானாக ஆடிவிட்டது.

ஆட்டியது ஒரு நொடி, அதைக் காப்பாற்ற இரண்டு வருஷம். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் இரண்டாவது மாத்திரை சேர்த்தார். அடுத்து மூன்றாவது. அப்புறம் அளவைக் கூட்டினார். கடைசியில் ஐந்தில் வந்து நின்றது. வீட்டில் மனைவி காலி அட்டையை எண்ணிப் பார்ப்பவள். அதனால் செக்கர் தினமும் ஒழுங்காக மாத்திரைகளை ஏறிட்டும் பார்க்காமல் பிதுக்கி எடுப்பார், மடக்கு மடக்கென்று தண்ணீரைக் குடிப்பார், மாத்திரைகளை மட்டும் அலமாரியில் தொங்கும் பழைய யூனிஃபார்ம் கோட்டின் பைக்குள் போட்டுவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை வாழ்நாளெல்லாம் பிடித்தவருக்கு, எப்படி மறைப்பது என்று சொல்லியா தர வேண்டும்?

இதில் டாக்டருடைய பெருமை வேறு சேர்ந்துகொண்டது. டாக்டர்கள் கூட்டம் ஒன்றில், எந்த மருந்துக்கும் அடங்காத பிரஷர் என்று செக்கருடைய கணக்கைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். "உங்களைப் பத்தி அரைமணி நேரம் பேசினேன் சார். எல்லாரும் அசந்துட்டாங்க, கையெல்லாம் தட்டினாங்க" என்று அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டபோது செக்கருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. கை தட்டிய பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? நாணயஸ்தன் என்று ஊரே சொல்லும் பெயர் ஒன்றுதான் அவர் ஓய்வு பெறும்போது வீட்டுக்குக் கொண்டுவந்த சொத்து.

இந்த நிலைமையில்தான் மகள் லீவுக்கு வந்து இறங்கினாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் கழுத்தில் இல்லாவிட்டாலும் குரலில் இருக்கும். வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, மாத்திரை அடுக்கும் கட்டம் போட்ட டப்பா ஒன்றோடு அப்பா முன்னால் வந்து நின்றாள். அன்றைக்கு அவருக்குக் கிளினிக் போக வேண்டிய நாள்.

"வாயைத் திறங்கப்பா."

"நானே போட்டுக்குறேம்மா. நீ போய்க் குளி."

"குளிச்சாச்சு. திறங்க. ம்... முழுங்குங்க. இப்ப நாக்கைத் தூக்குங்க."

செக்கர் நாக்கைத் தூக்கினார். ஐந்தும் உள்ளே போயிருந்தன. யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதற்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. இன்றைக்கு பிரஷர் இறங்கும், டாக்டர் மகிழ்ந்து போவார், இனிமேல் ஒழுங்காகப் போட்டுவிட்டால் பழைய பொய்யை யார் தோண்டப் போகிறார்கள்? ஆனால் அந்த மனக்கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அந்த ஐந்து மாத்திரையும், ஏற்கெனவே நாலு மாத்திரையைத் தின்றும் அசையாமல் நின்ற ஓர் உடம்புக்காக எழுதியவை. அப்படி ஓர் உடம்பு டாக்டருடைய காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு மனைவியோடும் மகளோடும் கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. பத்து மணிக்கு இரண்டு கடிகாரமும் தெரியவில்லை. "என்னங்க, என்னங்க" என்று மனைவி கூப்பிடுவது எங்கோ கிணற்றடியில் கேட்டது. அதன் பிறகு அவர் பார்த்தது, உள்ளறைக் கட்டிலையும், தன் காலுக்கு அடியில் அடுக்கியிருந்த மூன்று தலையணைகளையும், கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸையும்.

சிஸ்டர் பிரஷர் பட்டையை மூன்றாவது தடவையாகக் கட்டினார். இருபது வருஷமாக அந்தக் கிளினிக்கைத் தாங்கி நிற்பவர் அவர்தான். டாக்டர் நடுவில் வந்து சேர்ந்தவர் என்று கூட ஒரு பேச்சு உண்டு.

"எண்பதுக்கு அம்பது டாக்டர்."

"இவருக்கா? நூத்தி எழுபதுக்குக் கீழ எறங்கவே எறங்காத மனுஷனாச்சே!" டாக்டர் வெலவெலத்துப் போனார். ஈசிஜி எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. வயிற்றை அமுக்கினார். உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறதோ என்றார். "புதுசா ஏதாவது மாத்திரை போட்டாரா?"

"தினம் போடுற அதே அஞ்சுதான் டாக்டர். நானே நின்னு குடுத்தேன்" என்றாள் மகள், மார்பை நிமிர்த்தி. மனைவியும் ஆமாம் என்றாள். பாவம், இரண்டு பேரும் அறிந்த வரையில் உண்மையைத்தான் சொன்னார்கள்.

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மனைவியும் மகளும் கூடவே போய் நின்றார்கள். கட்டிலருகே சிஸ்டர் மட்டும் இருந்தார். அவர் செக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், போன மாசம் அந்தக் கம்பெனிக்காரன் மாத்திரை கலரை மாத்திட்டானே, உங்களுக்குக் குழம்பலையா?"

"மொதல்ல கொஞ்சம் குழம்புச்சு" என்றார் செக்கர், ஈனக் குரலில். "அப்புறம் பழகிடுச்சு."

"கலரே மாறலை சார்."

மயக்கத்திலும் செக்கருக்கு உள்ளுக்குள் ஒரு சபாஷ் எழுந்தது. மீசைக் கண்டக்டர்! முப்பத்து நான்கு வருஷம் தான் விரித்த வலை, அதே முடிச்சு. தொழிலில் தன்னை மிஞ்சிய ஒருவரை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"எத்தனை நாளா போடலை?"

செக்கர் கூரையைப் பார்த்தார்.

"சார், நல்லா கேட்டுக்குங்க" என்று சிஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "நீங்க அஞ்சு மாத்திரைக்குப் பழகின ஆளுன்னு நெனச்சு டாக்டர் லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காரு. அங்க வயித்தைக் குடைஞ்சு ரத்தம் தேடுவாங்க. கொஞ்சம் தேறினதும் நாளைக்குக் காலைல அதே அஞ்சையும் கையில குடுப்பாங்க. அப்ப பக்கத்துல நான் இருக்க மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரின் பேனா கரகரத்தது. மகள் யாரிடமோ போனில் அழுதுகொண்டிருந்தாள். உயிரா மானமா என்று கேட்டால் மானம் என்று சொல்வதற்குச் செக்கர் ரொம்ப காலமாகத் தயாராக இருந்தார். ஆனால் அந்தக் கேள்வியைக் கால் மேலேயும் தலை கீழேயுமாகப் படுத்திருக்கும்போது யாரும் அவரைக் கேட்டதில்லை. அந்தக் கோணத்தில் உயிர் மிகவும் தெளிவாகத் தெரிந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர். நானே சொல்றேன்."

சொன்னார். மனைவி, மகள், சிஸ்டர், டாக்டர், கதவிடுக்கில் எட்டிப் பார்த்த இரண்டு மூட்டுவலிக்காரர்கள் என்று ஒரு சிறு சபை முன்னால், எல்லாவற்றையும் சொன்னார். இருமலைச் சொன்னார், கோட்டுப் பையைச் சொன்னார், இன்று காலைதான் முதல் முறையாக ஐந்தையும் சேர்த்து முழுங்கியதைச் சொன்னார்.

டாக்டரின் முகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் பிரஷர் எண்பதுக்கு இறங்கியது போல இருந்தது. டாக்டர்கள் கூட்டம், படம், கைதட்டல் எல்லாம் அவர் கண்ணில் வரிசையாக வந்து போயின.

"ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அந்த மாத்திரைக்கு சில பேருக்கு இருமல் வரும். அன்னைக்கே வேற மாத்தியிருப்பேனே! ஒவ்வொரு தடவையும் கேட்டேனே?"

"நீங்க கேக்கல டாக்டர்" என்றார் செக்கர். குற்றம் சொல்லும் குரல் இல்லை, தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில்காரரிடம் பேசும் குரல். "ஒழுங்கா போடுறீங்கல்லன்னு சொன்னீங்க. அது கேள்வி இல்ல. அந்த மாதிரி நான் கேட்டிருந்தா, என் சர்வீஸ்ல ஒரு ஆளைக்கூட பிடிச்சிருக்க முடியாது."

டாக்டர் மேஜைக்குத் திரும்பிப் போனார். எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்று உள்ளபடி வேறு எழுதினார். பிறகு அலமாரி மேலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கிளினிக்கில் யார் தப்புச் செய்தாலும் அவரவரே அதில் எழுத வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். இதுவரைக்கும் அதில் சிஸ்டரும், தரை துடைக்கும் அம்மாவும் மட்டும்தான் எழுதியிருந்தார்கள். டாக்டர் புதுப் பக்கத்தில் எழுதினார்: 'இரண்டு வருஷம் கேள்வியையும் நானே கேட்டேன், பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.' கையெழுத்தும் போட்டார். சிஸ்டர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, தேதி போடவில்லை என்றார்.

மகள் கட்டிலருகே வந்து நின்றாள். தன் கையாலேயே கொடுத்தோமே என்பது அவளைப் போட்டு வதைத்தது. செக்கர் அவள் கையைப் பிடித்து, "உன் மேல தப்பே இல்லம்மா. நீ சரியாத்தான் நாக்கைத் தூக்கச் சொன்னே" என்றார். அவள் சிரிப்பும் அழுகையுமாக வெளியே ஓடிவிட்டாள்.

மனைவி மட்டும் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் செக்கருக்குப் பயம். முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்தவருக்குத் தெரியாதா, எந்த மௌனத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று?

"அஞ்சு மாத்திரை" என்றாள் அவள், கட்டில் கம்பியைப் பிடித்தபடி. "அஞ்சு மாத்திரை போட்டும் எறங்காத பிரஷர்னா, இந்த மனுஷன் எந்த நிமிஷமும் போயிடுவார்னு நெனச்சேங்க. ரெண்டு வருஷமா நான் தூங்கலை. நீங்க குறட்டை விட்டா சரி, உயிரோட இருக்கார்னு கண்ணை மூடுவேன். குறட்டை நின்னா எழுந்திருச்சு மூக்குகிட்ட கையை வச்சுப் பாப்பேன். இதையெல்லாம் ஒரு இருமலுக்காகவா பண்ணீங்க?"

செக்கர் எத்தனையோ ஆயிரம் பேரிடம் அபராதம் வாங்கியிருக்கிறார். அவர்கள் எப்படி நின்றார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "தப்புதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுவே முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, நோயாளி யார் என்று கேட்டார்கள்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் டாக்டர் வெறும் ஒரே ஒரு மாத்திரை, இருமல் வராத வகை, எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை காகிதத்தை மூடி வைத்துவிட்டு, "இதைப் போடுறதுல என்ன கஷ்டம் இருக்கும்னு நெனக்கிறீங்க?" என்று கேட்டார். செக்கர் கால்மணி நேரம் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் சபித்தார்கள்.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது டப்பாவை அம்மாவிடம் நீட்டி, தினமும் நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். அம்மா டப்பாவை வாங்கவில்லை.

"நான் ஒண்ணும் பாக்க மாட்டேன். அவர் போட்டேன்னு சொன்னா நான் நம்பிக்குவேன்."

இதைவிடப் பெரிய தண்டனையை அவள் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. மறுநாள் காலை செக்கர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். சிறிய, வெள்ளை மாத்திரை. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"போட்டாச்சா?"

"ஆச்சு" என்றது வாய். பழகின வாய், கேட்பதற்குள் சொல்லிவிட்டது.

உள்ளே சத்தமே இல்லை. அவள் நம்பிவிட்டாள். செக்கருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாத்திரை கையில் பத்திரமாக இருந்தது.

"ஏய், இல்ல!" என்று கத்தினார். "இன்னும் போடல. பொய் சொல்லிட்டேன். இப்பத்தான் போடப் போறேன்!"

"தெரியும்" என்றபடி அவள் வந்தாள். "தண்ணி என் கையிலதான இருக்கு."