சுமைதாங்கி ஸ்டாப்

மூன்று கல்லுக்கு இடம் தேடி நான் அலைந்த அலைச்சலில் ஒரு வீடே கட்டி முடித்திருக்கலாம்.

சூலூரைத் தாண்டித் திருப்பூர் போகும் ரோட்டில், எங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பெயரே சுமைதாங்கி. இரண்டு கல்லைத் தோள் உயரத்துக்கு நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் மூட்டையை அதில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார்களாம். இப்போது டியூஷன் நோட்டீஸ் ஒட்டத்தான் உதவுகிறது. ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி வந்துவிட்டது.

"உங்க குடும்பத்துக் கல்லுங்களாமே. சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கங்க. இல்லீன்னா ஒடைச்சு மண்ணோட தள்ளிப்போடுவமுங்க" என்றார் ஜேசிபி ஓட்டும் சாய்குமார். இந்த ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

குடும்பத்துக் கல்தான். என் தாத்தாவின் முதல் சம்சாரம் கருப்பாத்தாள். நிறைமாதத்தில் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு நடந்து போனவள், இந்த இடத்தில் வலி கண்டு விழுந்து செத்துப்போனாள். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக, மற்றவர்கள் சுமை இறக்க ஒரு கல் நடுவது அந்தக் கால வழக்கம். நட்டார்கள். பிறகு அவள் தங்கையையே தாத்தாவுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தத் தங்கை வயிற்றில் வந்தவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும். இவள் சாகாமல் இருந்திருந்தால் நாங்கள் பிறந்திருக்கவே மாட்டோம். சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

முதலில் பெரியப்பா மகன் சென்னகேசவனிடம் போனேன். அவருடைய தறிக்குடோனுக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. காப்பி கொடுத்தார். "மருமக உண்டாயிருக்கறா தம்பிதுரை, அந்தக் கல்லு வந்து..." என்று இழுத்தவர், முடிக்காமல் இன்னொரு காப்பி கொடுத்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து அக்கா மகன் கிருபாசங்கர். நம்ம ஊர் வரலாறு என்று போனில் வீடியோ போடுகிறவன். இதே கல்லின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கண்கலங்கப் பேசியிருக்கிறான். "அபார்ட்மென்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க மாமா. ஒடைக்கறப்ப மட்டும் ஒரு போன் போடுங்க, வீடியோ எடுக்க வாரேன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கை ஓங்கியிருப்பேன். அதற்கும் தெம்பில்லை. கோயில் கமிட்டிக்காரர்களோ சாவுக் கல் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் இடமில்லையா என்றால், இருக்கிறது. ஆனால் மகள் ரித்திகாவுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு இன்றைக்குத்தான் வருகிறாள். "அந்தக் கல்லு உள்ள வந்தா நான் வெளிய போயிருவனுங்க" என்றுவிட்டாள் என் மனைவி. அவளை மட்டும் சொல்வானேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உடைத்துத் தொலைக்கட்டும், இனி என்னால் ஆகாது என்று ஸ்டாப்புக்கு வந்து நின்றேன். கோயமுத்தூர் போய் மகளை நான்தான் அழைத்து வந்திருக்க வேண்டும். இந்த அலைச்சலில் அதுவும் கெட்டது. அவளே பஸ் ஏறிவிட்டாள்.

பஸ் வந்தது. இறங்கியவள், நான் கை நீட்டுவதற்குள் தோளில் மாட்டியிருந்த பையை அப்படியே பலகைக்கல்மேல் நழுவவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றாள்.

பாய்ந்து பையைப் பிடித்தேன். "எடு கண்ணு! அதுமேல வெக்காதே!"

"ஏனுங்கப்பா?"

சாய்குமார் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மழுப்பக்கூட எனக்குத் தெம்பில்லை. கருப்பாத்தாள் கதையை அங்கேயே சொன்னேன். பாதியில், ஏன் ஆரம்பித்தோம் என்று இருந்தது.

ரித்திகா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அவிய அம்மா ஊட்டுக்குப் போய்ச் சேரவே இல்லீங்களாப்பா?"

"இல்ல கண்ணு."

"நம்மூட்டுக்கு வரட்டுமுங்கப்பா."

"அம்மா..."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஏனுங்க, என்ன பண்றதுங்க?" என்றார் சாய்குமார்.

பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். வெயிலில் சுட்டுக் கிடந்த பலகைக்கல்லின்மேல் கையை வைத்தேன்.

"எங்கூட்டுக்குங்க" என்றேன். "பாத்து, மெதுவாக் கொண்டாங்க. நெறமாசக்காரிங்க."