ஏழாவது விதி

ஜாஸ்மின் மேடத்தின் பேரை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று, மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோடு வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். பெங்களூரு கருத்தரங்கில் எங்கள் கல்லூரி சார்பாகப் பேசப்போவது அவர்தான் என்று போட்டிருந்தது. முதலில் எங்கள் அரங்கிலேயே ஒரு செயல்விளக்கம், அது நன்றாக நடந்தால் பயணம் உறுதி. வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, மருந்து வாங்கிக் குடித்தேன்.

அவர் நாகர்கோவில்காரர். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். கணினிக்கு வாதம் செய்யக் கற்றுக்கொடுப்பது என்னுடைய ஆராய்ச்சி, ஆறு வருடமாக முடியாமல் கிடக்கும் ஆராய்ச்சி. அதில் ஒவ்வொரு கூற்றும் ஒரு வட்டம். ஒன்று இன்னொன்றை மறுத்தால் நடுவில் சிவப்பு அம்பு பாயும், மறுக்கப்பட்ட வட்டம் சாம்பல் நிறமாகும். மறுத்ததையே மூன்றாவது ஒன்று வந்து மறுத்தால் முதல் வட்டம் பிழைத்துக்கொண்டு மறுபடி பச்சையாகும். எதிர்ப்பு எதுவும் நிற்கவில்லையா, ஏற்றுக்கொள், அவ்வளவுதான். இதை ஒரு நாள் கேன்டீனில் டீ டம்ளரையும் மூன்று வடையையும் நகர்த்தி நகர்த்தி அவருக்கு விளக்கினேன். நான் வடையோடு நின்றுவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு தக்காளி விவசாயிகளிடம் போய்விட்டார்.

இன்றைக்கு மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் பேசிக்கொள்வதை மைக்கில் கேட்டு, யார் சொன்னது நிற்கிறது, யார் சொன்னது விழுகிறது என்று திரையில் வரைந்து காட்டும் நிரல். நல்ல வேலை. அது நல்ல வேலை என்று எனக்குத் தெரிந்ததுதான் பிரச்சினையே.

செயல்விளக்கத்துக்கு முந்தைய வாரம், நிரலின் விதிகளை அச்சடித்து என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"மதி சார், நீங்க இந்த ஊர்க்காரரு. இங்க பேசுற பேச்ச நான் எங்கயாவது தப்பா எடுத்திருக்கேனான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

ஏழாவது விதியில் என் விரல் நின்றது. 'இல்லீங்க' என்று தொடங்கும் வாக்கியம் அதற்கு முந்தைய வாக்கியத்தை மறுக்கிறது.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எங்கள் மாரண்டஹள்ளியில் இல்லீங்க என்று ஆரம்பித்தால் பாதி நேரம் இல்லை என்று அர்த்தமே கிடையாது. பஸ் வந்திருச்சா என்று கேட்டால், "இல்லீங்க, இப்பத்தான் வந்துச்சுங்க" என்போம். தொண்டையைச் செருமுவது மாதிரி அது ஒரு மரியாதை. பெண் கேட்டுப் போனபோது என் மாமனார், "இல்லீங்க, எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றுதான் சம்மதம் சொன்னார்.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்க மேடம்," என்றேன்.

மேடைக்கு அவர் அழைத்து வந்தது மாதப்பனையும் அவர் மனைவி ரோசம்மாளையும். மாதப்பன் எங்கள் தெருக்காரர். நாலு வார்த்தைக்கு ஒரு இல்லீங்க போடாமல் அவருக்குப் பேச வராது. முதல் வரிசையில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மைக்கைக் கையில் வாங்கியதும் அந்த மனிதர் ரேடியோ செய்தி வாசிப்பவராகிவிட்டார்.

"மழை வரும் அறிகுறி காணப்படுவதால், இன்று மருந்து தெளித்தல் வீண்."

"மேகந்தான் கலஞ்சிருச்சே. இன்னிக்கு அடிச்சே ஆவணும்," என்றார் ரோசம்மாள். சிவப்பு அம்பு பாய்ந்தது, மாதப்பனின் வட்டம் சாம்பலானது.

"கீழ்வானம் இன்னும் கறுத்தே உள்ளது."

இன்னொரு அம்பு. மாதப்பனின் முதல் வட்டம் பளிச்சென்று பச்சையானது. அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், தட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஜாஸ்மின் மேடம் மைக்கை வாங்கினார். "இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது மதி சார்தான், அவரில்லாம இது இல்ல."

அந்த வாக்கியமும் திரையில் ஏறியது. பச்சை வட்டத்துக்குள் என் பேர். ஆறு வருடத்தில் என் பேர் ஒரு திரையில் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, இன்னும் கொஞ்சம் பொறாமைதான் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒருவரால் எப்படிக் கொடுத்துவிட முடிகிறது என்று.

"மதியழகன் சார், சீனியர் நீங்க. ரெண்டு வார்த்த பேசுங்க," என்றார் முதல்வர் கலைவாணன், மைக் இல்லாமல் கீழே இருந்தபடியே. மேடையேறினேன். மைக் என் கைக்கு வந்தது.

"இல்லீங்க மேடம், எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க."

என் வாக்கியத்திலிருந்து கிளம்பிய சிவப்பு அம்பு நேராக அவருடையதைப் போய்க் குத்தியது. என் பேர் இருந்த வட்டம் சாம்பலானது.

உள்ளூர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதப்பனும் சிரித்தார். ஜாஸ்மின் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழாவது விதி," என்றார், மைக்குக்கு எட்டாத குரலில். "நீங்க பாத்தீங்கல்ல சார்?"

தப்பான விதியை வைத்துக்கொண்டு அந்த நிரல் சரியாகவே வரைந்திருந்தது. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக் இன்னும் என்னிடம்தான் இருந்தது. என் வாக்கியத்தை மறுக்க ஒரு வாக்கியம் போதும், அவருடையது பிழைத்துவிடும். தப்பு அவருடையதில்லை, பார்த்தும் சொல்லாமல் விட்டவன் நான் என்று சொல்ல வேண்டும். மைக்கை வாயருகே கொண்டுபோனேன். நாக்கு நுனியில் முதலில் வந்து நின்றது அதே 'இல்லீங்க'தான். திரையில், நான் பேசப்போகும் வாக்கியத்துக்காக ஒரு வெற்று வட்டம் திறந்து, துடித்துக்கொண்டிருந்தது.