சீ என்றால் ஆமாம்

எங்கள் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி நடைவழி போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இத்தாலி வரை போகிறது. அதற்கு முன்பு லிஃப்ட் வரைதான் போகும். அசோசியேஷனில் கேட்டால், டைல்ஸ் மிச்சம் இருந்தது என்கிறார்கள்.

என் மனைவி வத்சலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போன தூர தேசம் பவானிசாகர் அணை. அன்றைக்கும் மழை.

நடைவழியில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்ட அடிப்படை இத்தாலியன் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சை வைப்பவர் எதிர்வீட்டுத் தேவசகாயம். அவர் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலாகிவிட்டார். கம்பிக்குப் பின்னால் முகம் மட்டும் அதேதான். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இரண்டு கதவையும் சாத்திக்கொள்கிறார்.

பாடத்தை லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள். படித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் என்பதற்கு நோய். பிறகு என்பதற்குப் பொய். ஆமாம் என்பதற்கு சீ. மனுஷன் பேசுகிற பாஷையா இது? கடைசி வரிகளின் மேல் யாரோ தண்ணீர் கேன் விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் கிழித்துப் பார்க்கவில்லை.

வத்சலா முதல் தடவையிலேயே பாஸ். சூட்கேஸோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். புளிசாதம் கட்டி வைத்திருந்தாள். மூன்று நாள் தாங்கும்.

"சீக்கிரம் வாங்க. இது நீண்டுட்டே போகுது" என்றாள்.

உண்மைதான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனால் தூரமாகிக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். கொக்கி ஆடியது.

"முதல் வார்த்தைதான் செல்லும் சார். அதை இத்தாலியனாத்தான் எடுத்துக்குவேன். அப்புறம் மாத்த முடியாது."

"பக்கத்து வீட்டுக்காரன்னு ஒரு சலுகை கிடையாதா?"

"ஜன்னலுக்கு ஏது சார் பக்கத்து வீடு?"

நியாயம்தான். பரீட்சை ஆரம்பித்தது.

"பெட்டியில ஊறுகா இருக்குங்களா?"

"சீ, ஊறுகாயத் தூக்கிட்டு யாராவது வெளிநாடு போவாங்களா?"

"இருக்கு" என்று எழுதிக்கொண்டார். என் பெட்டி கனத்தது. திறந்து பார்த்தேன். மாவடு. எப்படியும் ஐந்து கிலோ இருக்கும்.

"நீச்சல் தெரியுமுங்களா?"

"சீ, இந்த வயசுலயா?"

"தெரியும்." என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதுக்குள்ளும் கொஞ்சம் போயிருந்தது.

இது என் வாயோடு பிறந்த வார்த்தை. சினிமாவுக்குப் போலாமா என்பாள் வத்சலா. சீ, யாரு கூட்டத்துல நிக்கிறது என்பேன். நாய் வளர்க்கலாமா என்பாள். அதற்கும் அதேதான்.

"அந்தப் பக்கமிருந்து அம்மா ஒண்ணு கேக்கறாங்க" என்றார் தேவசகாயம். "நீங்க வராட்டி அவங்க மட்டும் தனியாப் போயிரட்டுங்களான்னு."

"சீ, என்ன பேச்சு இது."

"போகட்டும்" என்று எழுதினார்.

நடைவழி சடசடவென்று நீண்டது. வத்சலா கட்டைவிரல் அளவுக்கு ஆகிவிட்டாள். அவள் போய்விட்டால் நாளைக் காலையில் நான் யார் மேல் எரிந்து விழுவேன்? பயந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பயந்துவிட்டேன்.

"சார், அதை அடிச்சிருங்க. வாய் தவறிடுச்சு."

"முடியாதுங்க. ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதைச் சரியாச் சொன்னா நீங்களும் போகலாம்." கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "அங்க போறது உங்க சம்சாரம்தானுங்களே?"

இதற்குப் போய் யாராவது யோசிப்பார்களா?

"ஆமா" என்றேன்.

தேவசகாயம் எழுதவில்லை. கதவு இரண்டும் லேசாக ஆடின.

"அந்த வார்த்தைக்கு இத்தாலியன்ல வேற அர்த்தமுங்க சார். கடைசி வரியில போட்டிருந்துச்சே, பாக்கலீங்களா?"

"என்ன அர்த்தம்?"

"நேசிக்கிறார்னு அர்த்தம். அப்படியே எழுதிரட்டுங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. கையில் மாவடு. தலையில் ஈரம். எதிர்வீட்டு ஜன்னல் கேட்கிற கேள்வியா இது?

"சீ" என்றேன்.

எழுதிவிட்டார்.

டைல்ஸ் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டு திரும்பி வந்தது. நான் மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். இரண்டு எட்டில் வத்சலா நின்றாள், பழைய உயரத்தில்.

"ஜன்னல்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. இன்னொருக்கா சொல்லுங்க."

"புளிசாதம் எங்க?" என்றேன்.

"பெட்டியில இருக்கு. இப்பவே வேணுமா?"

"ஆமா."

வத்சலா சுற்றுமுற்றும் பார்த்தாள். சாப்பாட்டு வேளை இன்னும் ஆகவில்லை. ஆனாலும் தேவசகாயம் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டார்.

"சீ" என்றாள் வத்சலா.