பெயர் போடாத சீட்டு

போதகரையா ஜொகூர் பாருவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வருவார். வரும்போதெல்லாம் கூடவே ஒரு யோசனையும் வரும். சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் திறந்த மறு வருஷம் வந்த யோசனை, சந்தேகப் பெட்டி.

“விசுவாசிகள் சந்தேகத்தை மனதுக்குள் அடைத்துவைத்துப் புழுங்கக் கூடாது. சீட்டில் எழுதிப் போடட்டும். பெயர் வேண்டாம். அடுத்த தடவை நான் வரும்போது உபதேசியார் சபைமுன் வாசித்துப் பதில் சொல்லட்டும்” என்றார். வண்டி ஏறும்போது உபதேசியார் செல்லப்பனிடம் குரலைத் தாழ்த்தி, “பட்டணத்துச் சபைக்கு ஓர் உபதேசியார் தேவை. பெட்டி எப்படிப் போகிறதென்று பார்ப்போம்” என்றார்.

அந்தப் ‘பார்ப்போம்’ செல்லப்பனைப் பிடித்துக்கொண்டது. காஹாங் பக்கத்து ரப்பர்க் காட்டில் பதினோரு வருஷமாக ஆட்களுக்கும் அட்டைகளுக்கும் சேர்த்துச் சுவிசேஷம் சொல்லிவந்தவர் அவர். பட்டணத்தில் பலகைத் தரை, குழாய்த் தண்ணீர். அவர் மனைவி புஷ்பவள்ளி எந்தச் சட்டியைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டாள்.

பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியைக் கீறிப் பெட்டி தயாரானது. போதகரையா ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். சபையில் நாற்பத்தொரு பேர். எழுதத் தெரிந்தவர் செல்லப்பன் ஒருவர்தான். ஆகவே, யாருடையது என்றே தெரியக் கூடாத சந்தேகங்களைச் சுமந்துகொண்டு ஒவ்வொருவராக அவர் வீட்டு வாசலுக்கே வந்தார்கள்.

முதலில் அய்யாவு. “எழுதிக்கிங்க உபதேசியாரே. பரலோகத்துல பெரட்டு உண்டா? விடியக்காலையில வரிசையில நிறுத்தி ஆள் எண்ணுவாங்களா?”

“இதெல்லாம் ஒரு சந்தேகமாய்யா?”

“அங்கயும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்னா இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லதுங்க.”

செல்லப்பன் எழுதினார்: ‘பரலோகத்தின் மகிமை எத்தகையது?’ அதற்குப் பதில் கைவசம் இருந்தது.

சின்னத்தம்பி வந்தான். “யூதாசு காட்டிக்கொடுப்பான்னு தெரிஞ்சுதானே சேத்துக்கிட்டாரு? அப்புறம் அவன்மேல என்ன குத்தம்?” அது, ‘பன்னிரு சீடர்களின் பெயர்கள் யாவை?’ என்று ஆனது. இப்படி ஒவ்வொரு சந்தேகத்தையும் குளிப்பாட்டித் தலைசீவி டப்பாவுக்குள் அனுப்பினார்.

கடைசியாகக் கிருஷ்ணம்மா வந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு எலிசபெத்து என்று பெயர். அது பதிவேட்டுக்கும் பரலோகத்துக்கும் மட்டும் தெரியும்.

“போன மழைக்குக் கங்காணி மகனும் என் மகளும் ஒரே காய்ச்சல்ல படுத்தாங்க. ரெண்டு பேருக்கும் நீங்கதான் ஜெபம் பண்ணீங்க. அவன் எந்திரிச்சான். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டாருன்னு ஸ்தோத்திர ஆராதனை வச்சீங்க. ஆட்டுக்கறி போட்டாங்க. நானும் உக்காந்து சாப்பிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என் புள்ளைக்குப் பண்ணினது மட்டும் ஏன் கேக்கல? அவ்வளவுதான். எழுதுங்க.”

செல்லப்பன் பேனாவை மையில் தொட்டார். மை காய்ந்தது; மறுபடி தொட்டார். பிறகு அவர் கை எழுதியது: ‘ஜெபத்துக்கு ஏற்ற வேளை காலையா, மாலையா?’

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேம்மா.”

சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, அவளே கொண்டுபோய் டப்பாவில் போட்டாள்.

போதகரையா திரும்பி வரும் ஞாயிறும் வந்தது. ஒன்பது சீட்டு, ஒன்பதுக்கும் தண்ணீர்பட்ட பாடாகப் பதில். “காலையும் உத்தமம், மாலையும் உத்தமம்” என்றபோது போதகரையா கண்ணை மூடித் தலையசைத்தார். செல்லப்பனின் காதில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு கொறையுதுங்களே.” கிருஷ்ணம்மா எழுந்து நின்றாள். “என்னுது வரல. என் கையாலதான் போட்டேன்.”

“பெயர் தெரிய வேண்டாமென்றேனே அம்மா” என்றார் போதகரையா.

முன்வரிசையிலிருந்து வீரமுத்துக் கங்காணி திரும்பினார். “உக்காரு புள்ள. ஐயா இருக்காரு.”

“ஐயாதானே கேக்கச் சொன்னாரு.”

சீட்டு எங்கோ தவறிவிட்டதென்று சொன்னால் போதும். கிருஷ்ணம்மா நம்பிவிடுவாள். ஜெபமே தவறிப்போனதைப் பார்த்தவளுக்கு ஒரு சீட்டு தவறுவது பெரிதில்லை. செல்லப்பன் வாயைத் திறந்தார். அந்த நினைப்பே பொய்யைத் தடுத்துவிட்டது.

“சீட்டு வந்துதுங்கையா. நான்தான் கேள்விய மாத்தி எழுதிட்டேன்” என்றார். பிறகு அவள் சொன்னதை, ஆட்டுக்கறி உட்பட, ஒரு சொல் விடாமல் சொன்னார். “ரெண்டு வீட்டுலயும் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது.”

கங்காணி தம் மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். போதகரையா வேதபுத்தகத்தை முன்னிருந்து பின்னாகப் புரட்டினார், பின்னிருந்து முன்னாகப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் அவரிடமிருந்து வந்தது ஒரு பாட்டு நம்பர்.

பட்டணத்து வேலை பொந்தியான் ஊர் உபதேசியாருக்குப் போனது. புஷ்பவள்ளி சட்டிகளைத் திரும்ப அடுக்கிய சத்தம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

அன்று ஆராதனை கலைந்ததும் கிருஷ்ணம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“மொதல்லயே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“இந்த வேலையில அப்படிச் சொல்லிப் பழக்கமில்லம்மா.”

“பதில் கெடச்சா சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“கெடைக்கலன்னாலும் வந்து சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு செல்லப்பன் அவளிடம் போய், “இன்னும் இல்லம்மா” என்றார். சரி என்று தலையாட்டினாள். அதற்கடுத்த ஞாயிறும் போய்ச் சொன்னார்.