பச்சை இறகுத் தொப்பி

யூலாலியின் மகள் சொலாஞ்ஜ், தரைக்குத் தண்ணீர் தெளிக்கிற பூவாளியின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முதுகைச் சொறிந்தாள். பாலே நடன வகுப்பின் நடுவில் ஒரு பெண் செய்கிற காரியமா இது? ஆனால் கணப்பருகே நின்ற ஓவியர் அவளைத்தான் வரைந்துகொண்டிருந்தார். என் மகள் லியோனி, நான் சொல்லி வைத்தபடி, அவருக்கு நேரெதிரே கால்விரல் நுனியில் சிலை மாதிரி நின்றாள். மனுஷன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் குடைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாரிஸ் ஆப்பரா அரங்கின் நடனப் பள்ளியில் அம்மாக்களுக்கென்று சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. யூலாலியும் நானும் ஒரே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர்கள். அவளிடம் இல்லாதது என்று என்னிடம் இருந்தது பச்சை இறகு வைத்த தொப்பி ஒன்றுதான். படத்தில் விழுந்த பெண் பெரிய மனுஷர்கள் கண்ணிலும் விழுவாள், மேடையில் முன்வரிசை கிடைக்கும் என்று எங்களுக்குள் பேச்சு. அந்த வருஷம் ஒரே இடம்தான் காலி.

"என்ன பண்றது அக்கா, எம் பொண்ணு எப்படி நின்னாலும் அவருக்குப் புடிச்சுப்போவுது," என்றாள் யூலாலி, ரொட்டியை மென்றபடி.

"பேன் பாத்துவிடு. அதையும் வரைவாரு."

யோசித்துப் பார்த்தேன். கொட்டாவி விடுகிறவள், ரிப்பன் கட்டுகிறவள், சொறிகிறவள், இவர்கள்தான் அந்த ஆளுக்கு வேண்டும். மறுநாள் லியோனிக்குத் தலை பின்னும்போதே சொல்லிவிட்டேன். "இன்னிக்கு அவரு வந்ததும் வாயத் தொறந்து ஒரு கொட்டாவி விடு."

"வாத்தியார் கொன்னுடுவாரும்மா."

"விடுடி."

தன் முறை வந்து ஆடும்போது விட்டாள். வாத்தியார் தடியால் தரையைத் தட்டி அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசை சொலாஞ்ஜுக்குப் போயிற்று. ஓவியரோ எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பி ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் அந்த ஓவியரும் அவருடைய கூட்டாளிகளும் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். யூலாலி என்னை இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வகுப்புப் படமும் அங்கே மாட்டியிருந்தது. கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள், தள்ளி நின்றால்தான் ஆள் தெரிந்தது. சொலாஞ்ஜ் நடுவில் சொறிந்துகொண்டு நின்றாள். முதுகு மட்டும்தான், முகம் இல்லை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. லியோனியைத் தேடினேன். ஓரத்தில் பாதிப் பாவாடை ஒன்று இருந்தது, அது யாருடையதாகவும் இருக்கலாம்.

முகம் இருந்தது ஒருத்திக்குத்தான். பெஞ்சில், பச்சை இறகுத் தொப்பியோடு, குடைப்பிடியை நெரித்துக்கொண்டு, சொலாஞ்ஜைத் தின்றுவிடுவதுபோல் முறைக்கிற ஒரு பொம்பளை. பக்கத்தில் நின்ற கனவான்கள் அவளைக் காட்டிச் சிரித்தார்கள்.

யூலாலி படத்தைப் பார்த்தாள், என் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எம் பொண்ண இப்படியாக்கா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

நான் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். படத்தில் இருந்தவள் தொப்பியோடுதான் உட்கார்ந்திருந்தாள், இன்னும் அந்த முதுகையே பார்த்தபடி.